மாருதி 800 இன்ஜினில் பந்தய கார்: கோவை கரிவரதன் செய்தது என்ன?

இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போன முதல் வீரர் நரேன் கார்த்திகேயன். 2005 மார்ச்சில் மெல்போர்னில் ஜோர்டான் அணிக்காகக் களமிறங்கினார். ஆனால், அதற்குப் பல ஆண்டுகள் முன்பு ஸ்ரீபெரும்புதூரில் நடந்த தன் முதல் பந்தயத்தில் அவர் ஓட்டியது இறக்குமதி கார் அல்ல. அந்த கார்களில் இருந்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுக் காய்கறி வாங்கி வரும் சாதாரண மாருதி 800-ன் இன்ஜின்தான். அந்தப் பந்தயப் பிரிவுக்குப் பெயர் ஃபார்முலா மாருதி. அதை உருவாக்கியவர் கோவையைச் சேர்ந்த எஸ்.கரிவரதன்.

யார் இந்தக் கரிவரதன்?

1954-ல் பிறந்தவர். கோவையின் ஜவுளித் தொழில் குடும்பம் ஒன்றின் பிள்ளை. காசு பணத்துக்குக் குறைவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு நல்ல பந்தய காரை வரவழைத்து, ஓட்டி, கோப்பை வாங்கிவிட்டுப் போயிருக்கலாம். அவரும் பந்தயத்தில் கார் ஓட்டியவர்தான். ஆனால் ஓட்டுவதோடு நிற்கவில்லை. கார் எப்படி ஓடுகிறது, அதை இங்கேயே எப்படிச் செய்வது என்பதில்தான் அவருக்கு ஆர்வம் அதிகம். பந்தய வட்டாரத்தில் எல்லோருக்கும் அவர் ‘கரி’.

அவர் பிறந்த ஊரும் அதற்குத் தோதானது. ஜவுளி இயந்திரம், பம்ப்செட், மோட்டார் என்று இரும்போடு புழங்கும் ஊர் கோவை. வார்ப்புப் பட்டறையும் லேத்தும் தேடி அலைய வேண்டியதில்லை.

அன்றைய பந்தயம் எப்படி இருந்தது?

1980-கள் வரை தென்னிந்தியாவின் பெரிய கார் பந்தயம் என்றால் சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தியது. பார்க்கக் கூட்டம் அலைமோதும். ஆனால் ஓட்ட வருபவர்கள் கொஞ்சப் பேர்தான்.

காரணம் எளிது. சந்தையில் இருந்த கார்கள் ஃபியட், அம்பாசிடர், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. இவற்றைப் பிரித்து மேய்ந்து, இன்ஜினை மாற்றிச் செதுக்கி ஓட்டுவார்கள். இன்னொரு பக்கம், வசதி உள்ள தொழிலதிபர்களும் அரச குடும்பத்தாரும் வெளிநாட்டு ஃபார்முலா கார்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். விஜய் மல்லையா ஒரு ஃபார்முலா ஒன் காரையே சோழவரத்தில் ஓட்டியிருக்கிறார். அதற்கு எதிரே செதுக்கிய ஃபியட் என்ன செய்யும்? திறமை எவ்வளவு இருந்தாலும், இன்ஜினுக்குச் செலவழிக்க முடியாதவர் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

கேம் ஷாஃப்ட்டை மாற்றினால் வேகம் வராதா?

இன்ஜின் வேலை தெரிந்த இளைஞர்கள் இன்றும் முதலில் கேட்கும் கேள்வி இது. வரும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

இன்ஜினுக்குள் காற்றும் பெட்ரோலும் போக ஒரு வால்வு. எரிந்த புகை வெளியேற ஒரு வால்வு. அவற்றை எப்போது திறப்பது, எவ்வளவு உயரம் திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதைத் தீர்மானிப்பது கேம் ஷாஃப்ட். முட்டை வடிவ மேடுகள் கொண்ட ஒரு தண்டு அது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும்.

மேட்டின் வடிவத்தை மாற்றி வால்வை அதிக நேரம் திறந்து வைத்தால், இன்ஜின் வேகமாகச் சுழலும்போது நிறையக் காற்று உள்ளே போகும். பவர் கூடும். ஆனால் அதே இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது, உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு திரும்பி வெளியே போய்விடும். இழுவை குறையும். சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் சீராக இருக்காது.

தேனியிலிருந்து போடி வழியாகப் போடிமெட்டு ஏறும் பாதையை நினைத்துப் பாருங்கள். 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, குறைந்த ஆர்.பி.எம்-லிருந்தே வண்டி இழுத்து ஏற வேண்டும். பந்தயத்துக்கான கேம் ஷாஃப்ட் போட்ட கார் அங்கே திணறும். நேரான பாதையில் முழு வேகத்தில் மட்டும்தான் அதன் பெருமை தெரியும்.

செலவும் தண்டோடு முடியாது. வால்வு அதிகம் திறந்தால் கடினமான ஸ்பிரிங் வேண்டும். காற்று கூடினால் கார்புரேட்டர் அமைப்பை மாற்ற வேண்டும். புகை வெளியேற சைலன்சர் குழாயும் மாற வேண்டும். கணக்குத் தப்பினால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். ஒன்றைத் தொட்டால் நாலு கையைக் கடிக்கும்.

கரிவரதன் எடுத்த முடிவு என்ன?

1983 டிசம்பரில் மாருதி 800 சந்தைக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., சிலிண்டர் தலையிலேயே கேம் ஷாஃப்ட். 40 குதிரைத்திறனைக்கூட எட்டாத சின்ன இன்ஜின். பந்தயக்காரர்கள் சிரிக்கக்கூடிய எண் அது. ஆனால் எடை குறைவு, உழைப்பு அதிகம், உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், பழுது பார்க்க எந்த ஊரிலும் ஆள் உண்டு.

கரிவரதன் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். பவரைக் கூட்டுவதற்குப் பதில் சுமையைக் குறைத்தால் என்ன? ஒருவர் மட்டும் உட்காரும் திறந்த கார். கூரை, கதவு, பின் சீட்டு எதுவும் கிடையாது. தரையை ஒட்டித் தாழ்ந்த உடல். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் அந்த மாருதி இன்ஜின். அதே 800 இன்ஜின் இப்போது இழுக்க வேண்டிய எடை மிகக் குறைவு. காரின் குணமே மாறிவிட்டது. 1988-ல் ஃபார்முலா மாருதி பிறந்தது.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. எல்லோருக்கும் ஒரே வகை இன்ஜின் என்பதால், யாரிடம் பணம் அதிகம் என்பதைவிட யார் வளைவை ஒழுங்காக எடுக்கிறார் என்பது முக்கியமானது. பிரேக்கை எங்கே பிடிப்பது, எந்தக் கோட்டில் போவது என்று ஓட்டுநர் கற்றே ஆக வேண்டும். சின்ன இன்ஜினில் ஒருமுறை வேகத்தை இழந்தால் மீட்க நேரமாகும். அதனால் தவறு உடனே தெரிந்துவிடும். கற்றுக்கொள்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

பலன் கிடைத்ததா?

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் புதிய பந்தயத் தடம் வந்தது. ஃபார்முலா மாருதி கார்கள் அங்கே ஓடின. நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்திலேயே முதல் மூன்று இடங்களுக்குள் வந்தார். பிரான்ஸில் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1993-ல் மீண்டும் ஃபார்முலா மாருதி ஓட்டினார். 2010-ல் ஃபார்முலா ஒன் போன இரண்டாவது இந்தியர் கருண் சந்தோக்கும் இதே பிரிவில் ஓட்டித்தான் தொடங்கினார்.

ஆனால் இவை எல்லாவற்றையும் பார்க்கக் கரிவரதன் இருக்கவில்லை. பறப்பதிலும் அவருக்குத் தீராத ஆசை உண்டு. 1995 ஆகஸ்ட் 24-ம் தேதி நடந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். வயது 41. நரேன் ஃபார்முலா ஒன் காரில் உட்கார இன்னும் பத்து ஆண்டுகள் பாக்கி இருந்தன.

இப்போது எஞ்சியிருப்பது என்ன?

2003-ல் கோவை செட்டிபாளையத்தில் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது: கரி மோட்டார் ஸ்பீடுவே. எல்.ஜி.பி. நிறுவனத்தின் பி.விஜயகுமார் அதை உருவாக்கினார். பின்னாளில் வந்த ஃபார்முலா எல்.ஜி.பி. கார்களும் அதே வழியில் வந்தவைதான். அவற்றிலும் உள்ளூரில் தயாராகும் சாதாரண கார் இன்ஜின்தான்.

குறைந்த செலவில் வண்டியை வேகமாக்க நினைப்பவர்களுக்கு அவர் வாழ்க்கையில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. கேம் ஷாஃப்ட் வாங்கும் முன், வண்டி எந்தப் பாதையில், எந்த வேகத்தில் அதிகம் ஓடப்போகிறது என்று பார்க்க வேண்டும். தினமும் மலை ஏறும் வண்டிக்கு, கம்பெனி கொடுத்த கேம் ஷாஃப்ட்டையோ அதிலிருந்து அதிகம் விலகாத ஒன்றையோ வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். தேவையில்லாத எடையை இறக்குவதற்குப் பெரிய செலவில்லை. மிச்சமாகும் காசை டயருக்கும் பிரேக்குக்கும் போடலாம்.