ஏட்டில் ஏறிய புகழ்: பேஸ்பால் வீரர் ஜோஷ் கிப்சன்

அமெரிக்க மக்கள் தம் தேசிய விளையாட்டாகப் போற்றுவது பேஸ்பால் ஆகும். அவ்விளையாட்டில் ஒரு வீரர் அடிக்கும் ஒவ்வோர் அடியும் ஏட்டில் பதியப்பெறும். ஆண்டுகள் பல கடந்த பின்னும் அவ்வெண்களைக் கொண்டே அவர்தம் தகுதி அளக்கப்பெறும். அத்தகைய நாட்டில், தலைசிறந்த வீரர் ஒருவரின் எண்கள் அவர் மறைந்து எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னரே தலைமைப் பதிவேட்டில் இடம்பெற்றன. அவரே ஜோஷ் கிப்சன்.

ஜார்ஜியா மாநிலத்துப் பியூனா விஸ்டா என்னும் சிற்றூரில் 1911 டிசம்பர் 21ஆம் நாள் கருப்பின உழவர் குடும்பத்தில் கிப்சன் பிறந்தார். பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்துவந்த தந்தையார், பிழைப்பு நாடிப் பிட்ஸ்பர்க் நகர எஃகு ஆலைக்குச் சென்றார், குடும்பமும் பின்தொடர்ந்தது. மின்தொழில் பயின்ற கிப்சன், இளம் வயதிலேயே படிப்பை விடுத்து வேலைக்குச் சென்றார். 1930இல், பதினெட்டாம் வயதில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்னும் கருப்பர் அணியில் சேர்ந்தார். அதே ஆண்டில் அவருடைய இளம் மனைவி இரட்டைக் குழந்தைகளை ஈன்று உயிர்நீத்தார். அத்துயரைத் தாங்கியே அவர் தம் ஆட்ட வாழ்வைத் தொடர்ந்தார்.

அந்நாளில் மேஜர் லீக் எனப்பட்ட தலைமைப் போட்டிகளில் கருப்பருக்கு இடமில்லை. எழுதப்படாத விதியொன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் அவர்களைத் தடுத்து நின்றது. ஆகவே கருப்பர் தமக்கெனத் தனி அணிகளையும் நீக்ரோ லீக் எனப்பட்ட போட்டிகளையும் அமைத்துக்கொண்டனர். வெள்ளையர் அணிகள் வெளியூர் சென்றிருந்த நாள்களில் அவர்தம் திடல்களை வாடகைக்குப் பெற்று ஆடினர். இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்தனர். பல ஊர்களில் உண்ணவும் உறங்கவும் இடம் மறுக்கப்பெற்றனர். இந்நிலையிலும், குந்தியிருந்து பந்து பிடிக்கும் கடினமான பொறுப்பை ஏற்ற கிப்சன், மட்டை ஏந்தியபோது ஈடிணையற்று விளங்கினார்.

1943இன் தொடக்கத்தில் மூளைக் கட்டியால் அவர் நினைவிழந்தார். ஆயினும் அவ்வாண்டிலேயே ஆயிரத்துக்கு 466 என்னும் விகிதத்தில் வெற்றியடிகள் அடித்தார். 1947 ஜனவரி 20ஆம் நாள் முப்பத்தைந்தாம் வயதில் மறைந்தார். மூன்று மாதங்களுக்குள், ஏப்ரல் 15ஆம் நாள், ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் அடியெடுத்து வைத்து நிறத்தடையை உடைத்தார். அந்நாளைக் காணக் கிப்சன் இல்லை. அவர் கல்லறைக்குப் பெயர்க்கல்லும் 1975 வரை இல்லை. 1972இல் கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பெற்றது.

அவர் ஏறத்தாழ 800 முறை பந்தை எல்லைக்கு அப்பால் அடித்து ஹோம் ரன் பெற்றார் என்று அம்மண்டபத்துப் பட்டயம் கூறும். சிற்றூர் அணிகளுடன் ஆடியவற்றையும் சேர்த்த கணக்கு அது. லீக் ஆட்டங்களில் சான்றுடன் நிறுவப்பெற்றவை இருநூறுக்கும் குறைவே. ஆராய்ச்சியாளர் பழைய செய்தித்தாள்களைத் தேடி ஆட்டம் ஆட்டமாகக் கூட்டினர். 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக்குகளும் மேஜர் லீக் தகுதி உடையவை என 2020 டிசம்பரில் அறிவிக்கப்பெற்றது. 2024 மே மாதத்தில் அவற்றின் எண்கள் தலைமைப் பதிவேட்டில் சேர்ந்தன. வாழ்நாள் அடிச்சராசரியில் கிப்சன் ஆயிரத்துக்கு 372 பெற்று, டை காப் என்பாரின் 367ஐக் கடந்து முதலிடம் பெற்றார். அடியின் வன்மையை அளக்கும் கணக்கிலும் பேப் ரூத்தின் 690ஐ 718ஆல் முந்தினார். நீக்ரோ லீக்கின் பருவங்கள் குறுகியவை என ஐயுறுவோர் உண்டு. நீண்ட பருவம் ஆடிய போட்டிகளின் கதவு அவருக்கு அடைபட்டிருந்தது என்பதையும் அன்னார் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இளைஞர்களே! கிப்சனின் ஆற்றல் அவருடையது. அதற்குச் சான்று நிலைத்தமைக்கோ, பிட்ஸ்பர்க் கூரியர் போன்ற கருப்பர் இதழ்கள் வாரந்தோறும் ஆட்டக் கணக்கை அச்சிட்டமையும் ஒரு காரணமாகும். பெரிய ஏடுகள் புறக்கணித்ததைத் தம் சிறிய ஏடுகளில் அவர்கள் எழுதிவைத்தனர். நம்மவர் ஆற்றிய பணிகளையும் பெற்ற வெற்றிகளையும் நாமே நாளும் ஆண்டும் குறித்து, மிகைப்படுத்தாது எழுதி வைப்போமாக. ஒருநாள் அவ்வேடு கேட்கப்படும்.