மெகர் சிங்

மெகர் சிங் (மார்ச் 20, 1915 – மார்ச் 1952) இந்திய வான்படையின் தொடக்ககால அதிகாரிகளுள் ஒருவர். பாபா மெகர் சிங் என்னும் பெயரால் பரவலாக அறியப்படுகிறார். 1947–48 காஷ்மீர்ப் போரில், பயணிகள் வானூர்தியாகப் பிறந்த டகோட்டாவைப் படை ஏற்றவும், பீரங்கி சுமக்கவும், அகதிகளை மீட்கவும், குண்டு வீசவும் பயன்படுத்தியமைக்காக நினைவுகூரப்படுகிறார். மகா வீர் சக்கரம் பெற்ற முதல் வான்படை அதிகாரி இவரே.

இளமையும் பயிற்சியும்

மெகர் சிங் பஞ்சாபின் லயால்பூரில் (இன்றைய பாக்கிஸ்தானில் உள்ள பைசலாபாத்) பிறந்தார். இங்கிலாந்தின் கிரான்வெல் வான்படைக் கல்லூரியில் பயின்று, 1936இல் அதிகாரியாக நியமனம் பெற்றார். வடமேற்கு எல்லைப்புறத்தில் முதலாம் அணியில் வாப்பிட்டி இருதள வானூர்திகளை ஓட்டினார். மலைப்பள்ளத்தாக்குகளில் தாழ்வாகப் பறக்கும் திறனை இவர் பெற்றது இங்கேதான்.

திருச்சிராப்பள்ளியும் பர்மாப் போர்முனையும்

1942 டிசம்பர் 1 அன்று திருச்சிராப்பள்ளியில் இந்திய வான்படையின் 6ஆம் அணி தோற்றுவிக்கப்பட்டது. அதன் முதல் தலைவராக மெகர் சிங் பொறுப்பேற்றார். அணிக்கு அரிக்கேன் வானூர்திகள் வழங்கப்பட்டன. 1943இன் இறுதியில் அணி பர்மாப் போர்முனைக்குச் சென்று, அரக்கான் பகுதியில் எதிரி நிலைகளைப் படம்பிடித்து 14ஆம் படைக்கு அளித்தது. இப்பணிக்காக 1944இல் மெகர் சிங்குக்குப் பிரித்தானியாவின் சிறப்புச் சேவை ஆணை (டி.எஸ்.ஓ.) வழங்கப்பட்டது. இந்திய வான்படையில் இவ்விருதைப் பெற்றவர் இவர் ஒருவரே.

டகோட்டா: பயணிகள் வானூர்தியில் இருந்து படை வானூர்தி

அமெரிக்காவின் டக்ளசு நிறுவனம் உருவாக்கிய டி.சி.-3 பயணிகள் வானூர்தி 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்தது. இருபத்தொரு பயணிகள் அமரக்கூடிய இவ்வானூர்தியின் தரைத்தளத்தை வலுப்படுத்தி, பின்புறம் அகன்ற சரக்குக் கதவை அமைத்து, இரண்டாம் உலகப் போரின்போது சி-47 என்ற படைவகை செய்யப்பட்டது. பிரித்தானியர் இதற்கு டகோட்டா எனப் பெயரிட்டனர். போர் முடிந்தபின் எஞ்சிய டகோட்டாக்கள் பல இந்தியாவில் சீரமைக்கப்பட்டு மீண்டும் பயணிகள் சேவைக்கு வந்தன. இதனால் 1947இல் வான்படையிடமும் தனியார் நிறுவனங்களிடமும் ஏறத்தாழ ஒரே வகை வானூர்தி இருந்தது.

1947 அக்டோபர் 27 அன்று முதலாம் சீக்கியப் படைப்பிரிவின் வீரர்கள் டகோட்டாக்களில் தில்லியில் இருந்து சிறீநகர் கொண்டுசெல்லப்பட்டனர். வான்படையின் 12ஆம் அணியுடன் தனியார் நிறுவனங்களின் வானூர்திகளும், இருக்கைகள் அகற்றப்பட்ட நிலையில், இப்பணியில் ஈடுபட்டன. நவம்பர் நடுப்பகுதிக்குள் சுமார் 700 பறப்புகள் நிகழ்ந்தன.

பூஞ்ச்

காஷ்மீர் நடவடிக்கைகளுக்கான வான்படைக் குழுமத்தின் தலைமைப் பொறுப்பு மெகர் சிங்கிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போது பூஞ்ச் நகரம் முற்றுகையில் இருந்தது. படையினருடன் பல்லாயிரக்கணக்கான அகதிகளும் அங்கே சிக்கியிருந்தனர். பிரிகேடியர் பிரீதம் சிங்கின் தலைமையில் வீரர்களும் பொதுமக்களும் சேர்ந்து ஓர் ஓடுபாதையை அமைத்தனர். அது குறுகியது, மூன்று பக்கமும் நீரோடைகள், சுற்றிலும் மலைகள்.

1947 டிசம்பரில் மெகர் சிங் தாமே அங்கு டகோட்டாவை இறக்கிக் காட்டினார். அதன் பின்னரே பிற வானோடிகளை அனுப்பினார். உணவும் வெடிபொருளும் உள்ளே சென்றன. திரும்பும் பறப்பில் காயமடைந்தோரும் அகதிகளும் வெளியேறினர். 1948 மார்ச்சில் பீரங்கிகளும் இறக்கப்பட்டன. எண்ணெய் விளக்குகளின் ஒளியை மட்டும் கொண்டு இரவிலும் தரையிறங்கினர். 1948 நவம்பரில் முற்றுகை விலகும் வரை இந்த வான்வழியே நகரைக் காத்தது.

குண்டுவீச்சு

குண்டுவீச்சு வானூர்திகள் இல்லாத நிலையில் டகோட்டாக்கள் அப்பணிக்கும் பயன்படுத்தப்பட்டன. குண்டுகளைத் தாங்கும் பொறியோ குறிபார்க்கும் கருவியோ இவற்றில் கிடையாது. பணியாளர்கள் குண்டுகளைத் தளத்தில் உருட்டிச் சரக்குக் கதவு வழியே தள்ளினர். மெதுவாகப் பறக்கும் டகோட்டாவுக்குத் தரையில் இருந்து வரும் சுடுதலில் இருந்து தற்காப்பும் இல்லை. இதனால் துல்லியம் குறைவாகவே இருந்தது. பயணிகள் வானூர்தியில் எளிதில் மாற்றக்கூடியது எது, மாற்ற முடியாதது எது என்பதை இது தெளிவாகக் காட்டியது.

லே

1948இல் லடாக்கின் தலைநகரான லே தாக்குதல் அச்சத்தில் இருந்தது. பொறியாளர் சோனம் நோர்பு சிந்து ஆற்றின் அருகே, சுமார் 3,250 மீட்டர் உயரத்தில் ஓர் ஓடுபாதையை அமைத்தார். 1948 மே 24 அன்று மேஜர் ஜெனரல் திம்மையாவை ஏற்றிக்கொண்டு மெகர் சிங் அங்கு தரையிறங்கினார். டகோட்டாவில் காற்றழுத்தம் பேணும் அறை கிடையாது. அவ்வழிக்கு முறையான வரைபடமும் இல்லை. உயர்ந்த இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவதால் பொறியின் ஆற்றலும் இறக்கையின் தூக்குவிசையும் குறையும். மேலெழ நீண்ட ஓட்டம் தேவைப்படும். இப்பறப்பு வெற்றி பெற்றதால், சில நாட்களில் கூர்க்காப் படையினர் லேவுக்குக் கொண்டுவரப்பட்டனர்.

பதவி விலகலும் மறைவும்

மெகர் சிங் 1948இல், போர் முடியும் முன்னரே, வான்படையில் இருந்து விலகினார். பின்னர் பட்டியாலா மகாராசாவின் ஆலோசகராகப் பணியாற்றினார். 1952 மார்ச்சில், சம்முவில் இருந்து தில்லிக்கு இரவில் பறந்து வந்தபோது, புயலில் சிக்கி வானூர்தி வீழ்ந்ததில் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 36.

தொடர்ச்சி

பயணிகள் வானூர்தியைப் படைப்பணிக்கு மாற்றும் வழக்கம் அவர் வளர்த்த 6ஆம் அணியிலேயே தொடர்ந்தது. ஏர் இந்தியா 1960களின் தொடக்கத்தில் விடுவித்த சூப்பர் கான்ஸ்டலேசன் வானூர்திகளை இவ்வணி கடல் கண்காணிப்புக்குப் பயன்படுத்தியது. 1976இல் அவற்றுள் சில கடற்படைக்கு மாற்றப்பட்டு 312ஆம் அணி உருவாயிற்று. இன்று அவ்வணி, சென்னைக்கு மேற்கே ஆவடி, திருவள்ளூர் வழியாகச் செல்லும் தொடர்வண்டிப் பாதையில் உள்ள அரக்கோணத்தின் ராஜாளி கடற்படைத் தளத்தில் இயங்குகிறது. அது 2013 முதல் பயன்படுத்தும் பி-8ஐ வானூர்தி, போயிங் 737 பயணிகள் வானூர்தியின் வழிவந்தது. நீர்மூழ்கிகளைத் தேடும் கருவிகளும் ஆயுதத் தாங்கிகளும் இதில் தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுகின்றன.

2018இல் இந்திய வான்படை, பேரிடர் உதவிக்கான ஆளில்லா வானூர்திக் கூட்டங்களை உருவாக்கும் போட்டி ஒன்றை அறிவித்து, அதற்கு மெகர் பாபா எனப் பெயரிட்டது.