டூரிங்கின் மூன்று பக்கங்கள்

ஆலன் டூரிங் என்றதும் எல்லாரும் எனிக்மா குறிமொழியை உடைத்த போர்க்காலக் கதையைத்தான் சொல்வார்கள். எனக்கென்னவோ, 1949 ஜூனில் கேம்பிரிட்ஜ் மாநாட்டில் அவர் படைத்த மூன்று பக்கக் கட்டுரையே பெரிதாகத் தோன்றுகிறது.

1912-இல் லண்டனில் பிறந்த டூரிங், 1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கணினிக்கு எழுதிய நிரல் நாம் கேட்டதைத்தான் செய்கிறது என்று எப்படி உறுதி கூறுவது? இதுவே அவர் கேள்வி.

தொடக்கப்பள்ளியில் நீண்ட கூட்டல் கணக்குப் போட்டிருப்போம். அடுத்த வரிசைக்கு ஏற்றும் எண்களைக் குறித்துவைத்தால், ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே சரிபார்க்கலாம். இதையே உவமையாக்கி, நிரலின் இடையிடையே அந்தந்த இடத்தில் எது உண்மையாக இருக்கவேண்டும் என்று எழுதிவைக்கச் சொன்னார். 1 முதல் ஓர் எண் வரை பெருக்கிவரும் விடையைக் கூட்டலால் மட்டுமே காணும் நிரல் ஒன்றை எடுத்து, மெய்ப்பித்தும் காட்டினார். அது முடிவின்றிச் சுழலாது என்பதற்கு, அடிக்கு அடி குறைந்துகொண்டே வரும் ஓர் அளவைச் சான்றாக வைத்தார்.

பிழையின்மை பற்றிய கட்டுரை அச்சுப்பிழைகளோடு வெளிவந்தது வேடிக்கைதான். கவனிப்பாரும் இல்லை. ஓரினச்சேர்க்கை குற்றமென 1952-இல் தண்டிக்கப்பட்டவர், 1954-இல் 41 வயதில் மறைந்தார். ராபர்ட் ஃபிளாய்ட் 1967-இல் வெளியிட்ட பிறகே இம்முறை பரவியது. இடையில் போன 18 ஆண்டுகளை எண்ணினால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.