கடன் தீர்த்த தேசபந்து

1906-ஆம் ஆண்டு. கல்கத்தாவில் ஒரு தந்தையும் மகனும் கடனைத் தீர்க்க இயலாதவர்கள் என்று நீதிமன்றத்தில் அறிவிக்கப்பட்டனர். தந்தை புவன்மோகன் தாஸ் பிறர் துன்பம் காணப் பொறாதவர். கைக்கு மீறிக் கொடுத்துப் பழகியவர். மகன் சித்தரஞ்சன் இங்கிலாந்தில் சட்டம் பயின்று திரும்பிய வழக்கறிஞர். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. இனி இவர் தலைநிமிர்வது அரிது என்றே பலரும் எண்ணியிருப்பார்கள். அடுத்த ஆண்டுகளில் அவர் வாழ்ந்து காட்டியதோ வேறு.

சித்தரஞ்சன் தாஸ் 1870 நவம்பர் 5-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். குடும்பத்தின் பூர்விகம் டாக்கா மாவட்டத்து விக்ரமபுரம். பிரம்ம சமாஜக் குடும்பம். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றபின் ஐ.சி.எஸ். தேர்வு எழுத இங்கிலாந்து சென்றார், அதில் தேறவில்லை. சட்டம் பயின்று தாயகம் திரும்பி, கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கினார். 1897-இல் வசந்தி தேவியை மணந்தார்.

அலிப்பூர் வழக்கு

1908 ஏப்ரல் 30 அன்று முஸாஃபர்பூரில், நீதிபதி கிங்ஸ்ஃபோர்டைக் குறிவைத்து வீசப்பட்ட வெடிகுண்டு தவறான வண்டியில் விழுந்தது. குற்றமறியாத இரு ஆங்கிலேயப் பெண்மணிகள் உயிரிழந்தனர். இரு நாட்களுக்குள் கல்கத்தாவில் பல இடங்களில் சோதனை நடந்தது. மாணிக்தலா பகுதியில் ஒரு தோட்டத்தில் பாரீந்திர குமார் கோஷும் அவருடைய தோழர்களும் பிடிபட்டனர். பாரீந்திரரின் அண்ணன் ஸ்ரீஅரவிந்தரும் மே 2-ஆம் நாள் கைதானார். மன்னருக்கு எதிராகப் போர் தொடுக்கச் சதி செய்தனர் என்பது குற்றச்சாட்டு. குற்றம் நிலைநாட்டப்பட்டால் தூக்குத் தண்டனையும் விதிக்கப்படலாம்.

சதி வழக்கின் கொடுமை அதன் அமைப்பிலேயே இருந்தது. சதி நடந்தது என்று நம்ப இடமிருந்தால், அதில் ஒருவர் சொன்னதும் எழுதியதும் செய்ததும் மற்ற அனைவருக்கும் எதிரான சாட்சியமாகும் என்று சாட்சியச் சட்டம் கூறியது. தம்பியின் தோட்டத்தில் கிடைத்த வெடிமருந்து அண்ணனையும் தூக்குமேடைக்கு அழைத்துச் செல்லக்கூடும். அரசுத் தரப்பில் வாதாட வந்தவர் எர்ட்லி நார்ட்டன். சென்னையில் நெடுங்காலம் புகழுடன் தொழில் நடத்திய பாரிஸ்டர் அவர். 1887-இல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மகாசபையிலும் பங்கு கொண்டவர். இப்போது தமது திறமை அனைத்தையும் அரசின் பக்கம் நிறுத்தினார்.

ஸ்ரீஅரவிந்தரின் சகோதரி சரோஜினி பொதுமக்களிடம் உதவி வேண்டித் திரட்டிய நிதி விரைவில் கரைந்தது. அந்நிலையில்தான் சித்தரஞ்சன் முன்வந்தார். கடனாளி என்ற பெயர் இன்னும் நீங்கவில்லை. குடும்பத்தைக் காக்க வருவாய் வேண்டும். ஆயினும் வருவாய் தரும் வழக்குகளை ஒதுக்கிவிட்டு, இந்த ஒரு வழக்கிலேயே மாதக் கணக்கில் மூழ்கினார். பாதி இரவு வரை விழித்திருந்து ஆவணங்களைப் படித்தார். அதனால் அவரது உடல்நலம் குலைந்தது என்பதைப் பின்னாளில் ஸ்ரீஅரவிந்தரே உத்தரபாராச் சொற்பொழிவில் நன்றியுடன் நினைவுகூர்ந்தார். சித்தரஞ்சன் வருவதற்கு முன் ஸ்ரீஅரவிந்தர் தம் வழக்கறிஞர்களுக்குக் குறிப்புகள் எழுதிக் கொடுத்து வந்தார். அவர் வந்தபின், இவரே உன்னைக் காப்பவர், காகிதங்களை ஒதுக்கிவை என்று உள்ளிருந்து ஒரு குரல் பணித்ததாகவும், அதன்பின் அனைத்தையும் அவரிடமே விட்டுவிட்டதாகவும் அவர் கூறியுள்ளார்.

அண்ணனுக்குத் தம்பி எழுதிய கடிதம்

1908 அக்டோபரில் நீதிபதி பீச்கிராஃப்ட் முன் விசாரணை தொடங்கியது. அவரும் ஸ்ரீஅரவிந்தரும் ஒரே காலத்தில் ஐ.சி.எஸ். தேர்வு எழுதியவர்கள். ஒருவர் நீதிபதியின் ஆசனத்தில். மற்றவர் கைதிக் கூண்டில். இருநூறுக்கு மேற்பட்ட சாட்சிகள்; ஆயிரக்கணக்கான ஆவணங்கள். அரசுத் தரப்பு சாட்சியாக மாறிய நரேந்திர கோஸ்வாமி, அதற்கு முன்பே சிறைக்குள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தான்.

அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது ஓர் ஆங்கிலக் கடிதத்தை. இனிப்புகளைத் தயாராக வைத்திருக்க வேண்டிய நேரம் இது என்ற பொருளில் பாரீந்திரர் தம் அண்ணனுக்கு எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதம் அது. இனிப்பு என்பது வெடிகுண்டைக் குறிக்கும் என்றது அரசு. சித்தரஞ்சன் சட்ட நூல்களை மட்டும் நம்பாமல் வங்காளக் குடும்பத்தின் வழக்கத்தைச் சுட்டிக் காட்டினார். மூன்றாவது அண்ணனைத் தம்பி ஸேஜ்தா என்றே அழைப்பான். ஆங்கில முறைப்படி அன்புள்ள சகோதரரே என்று விளித்து, முடிவில் தன் முழுப்பெயரையும் எழுதிக் கையொப்பமிடும் தம்பி எங்கே இருக்கிறான்? மேலும், சூரத் காங்கிரஸை ஒட்டி இருவரும் ஒரே ஊரில் இருந்த நாளில் கடிதத்துக்குத் தேவைதான் என்ன? அக்கடிதத்தை நம்பி ஒருவரைத் தண்டிக்க நீதிபதிக்கு மனம் வரவில்லை.

சித்தரஞ்சனின் முடிவுரை பல நாட்கள் நீண்டது. தம் கட்சிக்காரர் சுதந்திர லட்சியத்தைப் போதித்தார் என்பதை அவர் மறைக்கவில்லை. அது குற்றமாகுமானால் அவர் குற்றவாளியே என்று துணிந்து ஒப்புக்கொண்டார். ஆனால் லட்சியத்தைப் போதிப்பது வேறு, வெடிகுண்டு வீசுவது வேறு என்பதை நிலைநாட்டினார். ஸ்ரீஅரவிந்தரை வரலாறு எடைபோடும் நாள் வரும் என்றும் நீதிமன்றத்துக்கு நினைவூட்டினார்.

1909 மே 6-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. ஸ்ரீஅரவிந்தர் விடுதலையானார். பாரீந்திரருக்கும் உல்லாஸ்கர் தத்தருக்கும் தூக்குத் தண்டனை. அவர்களுக்காகவும் மேல்முறையீட்டில் சித்தரஞ்சனே வாதாடினார். உயர் நீதிமன்றம் அதனை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இருவரும் அந்தமான் சென்று, உயிருடன் திரும்பினர்.

இரண்டு கடன்கள்

அலிப்பூர் வழக்கு அவருக்கு நாடெங்கும் புகழைத் தந்தது. டாக்கா சதி வழக்கிலும் அவர் புலின் பிஹாரி தாஸுக்காக வாதாடினார். புகழுடன் பெரும் வருவாயும் வந்தது. அதைக் கொண்டு அவர் முதலில் செய்த காரியம் எது? பழைய கடனைத் தீர்த்ததுதான். அக்கடனிலிருந்து சட்டம் அவருக்கு விடுதலை அளித்திருந்தது. ஆனால் மனசாட்சி அளிக்கவில்லை. 1913-இல் தந்தையின் கடனையும் தம் கடனையும் அவர் திருப்பிக் கொடுத்தார்.

இன்னொரு கடன் எஞ்சியிருந்தது. அது தேசத்துக்குச் செலுத்த வேண்டிய கடன். 1920-இல் நாகபுரி காங்கிரஸுக்குப் பின், பெருஞ்செல்வம் ஈட்டித் தந்த தொழிலை அடியோடு துறந்தார். மக்கள் அவரை தேசபந்து என்று அழைத்தனர். 1921 டிசம்பரில் வசந்தி தேவியும் அவரும் அடுத்தடுத்துக் கைதாயினர். அவ்வாண்டு ஆமதாபாத் காங்கிரஸின் தலைவராகவும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். 1923-இல் மோதிலால் நேருவுடன் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கினார். அவ்வாண்டு புதுச்சேரிக்கு வந்து, தாம் காத்த ஸ்ரீஅரவிந்தரைச் சந்தித்தார். 1924-இல் கல்கத்தாவின் முதல் மேயரான அவர், நகராட்சியின் பணியைத் தரித்திர நாராயணருக்கான சேவையாகவே கருதினார். இளைஞர் சுபாஷ் சந்திர போஸ் அவர் கீழ் தலைமை நிர்வாக அதிகாரியானார்.

புரட்சியாளர்களுக்காக வாதாடியவர் வன்முறையை ஏற்றவர் அல்லர். 1925-இல் அதை வெளிப்படையாகவே மறுத்துரைத்தார். ஒருவருடைய வழி தமக்கு உடன்பாடில்லை என்பதற்காக அவருக்கு நீதி மறுக்கப்படுவதை அவரால் பொறுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இறுதியில் தம் வீட்டையும் மக்களுக்கே எழுதி வைத்தார். அங்கே 1926-இல் சித்தரஞ்சன் சேவா சதனம் என்ற மருத்துவமனை எழுந்தது. அதைக் காண அவர் இல்லை. 1925 ஜூன் 16-ஆம் நாள் டார்ஜிலிங்கில், ஐம்பத்து நான்காம் வயதில் மறைந்தார். கல்கத்தாவில் அவரது இறுதி ஊர்வலத்தில் காந்தியடிகள் முன்னின்று நடந்தார். மக்கள் வெள்ளம் பின்தொடர்ந்தது.

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு: வாங்கியதைத் திருப்பித் தருவதும் கடன், செய்ய வேண்டிய கடமையும் கடன். தேசபந்துவின் வாழ்வில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு இருக்கவில்லை. கையில் இல்லாதபோதும் அவர் கொடுத்தார்; கையில் வந்தபோது தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. வசதி வந்தபின் சேவை செய்யலாம் என்று காத்திருக்கும் நமக்கு, அலிப்பூர் நீதிமன்றத்தில் நின்ற அந்தக் கடனாளி வழக்கறிஞரின் வாழ்க்கை ஒரு விடையாகும்.