கல்லின் சொந்த நிறம்

சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்தேன். ஒரு தவணை முடிவதற்குள் கலைப் பிரிவுக்கு மாறினேன். கெட்டிக்காரப் பிள்ளை இப்படியா செய்வாள் என்று உறவினர்கள் உம்மாவிடம் கேட்டார்கள். அந்த நாட்களில்தான் சித்திர ஆசிரியை தந்த நூலொன்றில் ஹுவான் ஓகோர்மனை அறிந்துகொண்டேன்.

அவர் 1905 ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகரின் கொயொவாகான் பகுதியில் பிறந்தார். தந்தை அயர்லாந்திலிருந்து வந்த ஓவியர். மகனோ கட்டடக்கலை கற்றார். அலங்காரம் எதுவுமின்றி, குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும் கட்டடங்களே மக்களுக்குத் தேவை என்று நம்பினார். ஓவியர்களான டியேகோ ரிவேராவுக்கும் ஃப்ரிடா காலோவுக்கும் பாலத்தால் இணைந்த இரு வீடுகளைக் கட்டினார். 1930 களின் தொடக்கத்தில் கல்வி அமைச்சுக்காக 20 இற்கும் மேற்பட்ட பாடசாலைகளை மிகச் சிக்கனமாக அமைத்தார்.

புகழ் வந்த வேளையில் அவர் அந்தப் பாதையை விட்டு விலகினார். தமது சிக்கனக் கொள்கை, கட்டடம் கட்டி விற்பவர்களின் இலாபத்துக்கே உதவுவதைக் கண்டார். தூரிகையைக் கையிலெடுத்தார்.

மெக்சிக்கோ நகரின் தெற்கே, ஷித்லே எரிமலை கக்கிய குழம்பு உறைந்து கருங்கல் வெளியாகக் கிடந்தது. 1950 அளவில் அங்கே தேசியப் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் எழுந்தது. அதன் மத்திய நூலகத்தை வேறு இருவருடன் சேர்ந்து ஓகோர்மன் வடிவமைத்தார். நூல்களை அடுக்கும் கோபுரத்துக்கு யன்னல்கள் மிகக் குறைவு. வெறுமையான அந்த நான்கு சுவர்களிலும், சுமார் 4,000 சதுர மீற்றரில், தம் நாட்டின் வரலாற்றைக் கற்களாலேயே சித்திரமாக்கினார்.

சாயம் வெயிலில் மங்கிவிடும். கல்லின் சொந்த நிறம் மங்காது. ஆகவே நாடெங்கும் அலைந்து சிவப்பு, மஞ்சள், பச்சை, கருமை எனக் கற்களைத் தேடினார். நீலத்துக்கு மட்டும் நிறக் கண்ணாடியைச் சேர்த்தார். கற்களைச் சதுரமான கொங்கிறீற்றுப் பலகைகளில் பதித்து, அவற்றைச் சுவரில் பொருத்தினார்கள். கட்டடத்தின் அடிப்பகுதியிலோ அந்த மண்ணின் எரிமலைக் கல்லிலேயே உருவங்கள் எழுந்தன.

அதே கருங்கல் வெளியில், எரிமலைக் குழம்பு உருவாக்கிய குகையொன்றைச் சேர்த்துத் தமக்கும் ஒரு வீடு கட்டினார். அதன் சுவர்களையும் கற்சித்திரங்களால் நிறைத்தார். 1969 இல் அதை விற்றார். வாங்கியவர் பெரும்பகுதியை இடித்துவிட்டார். அவரது உள்ளத்துக்கு மிக நெருக்கமான படைப்பு அவர் கண்முன்னேயே அழிந்தது. 1982 இல் ஓகோர்மன் காலமானார்.

தமக்கென்று கட்டியது போய்விட்டது. மாணவர்களுக்காகக் கட்டியது நிற்கிறது. 2007 இல் அந்த வளாகம் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பாதை மாறியதால் அவர் முன்னர் கற்ற எதுவும் வீணாகவில்லை. கட்டடம் தெரிந்திராவிட்டால் அந்தச் சுவர் ஏது? ஓவியம் தெரிந்திராவிட்டால் அந்தச் சித்திரம் ஏது? நூலகத்தின் படத்தை என் கொப்பியின் உள் அட்டையில் ஒட்டியிருக்கிறேன். இப்போது யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், உம்மாவே அந்தப் படத்தை எடுத்துக் காட்டுகிறார்.