கல்லைத் தேடிப் போனவர் கண்டி நகைப் பட்டறைக்குள் நுழைந்த கதை: யார் இந்த ஆனந்த குமாரசாமி?

கண்டி நகைகள், கண்டி ஓவியம், கண்டி நெசவு என்று எதைப் பற்றித் தேடினாலும் 1908-ல் வந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் போய் முட்டும். 'இடைக்காலச் சிங்களக் கலை' என்பது அதன் தலைப்பு. எழுதியவர் சிங்களர் இல்லை. அப்பா இலங்கைத் தமிழர், அம்மா ஆங்கிலேயர். அவர் கல்லூரியில் படித்தது கலையும் இல்லை, நிலவியலும் தாவரவியலும்தான்.

இரண்டு வீட்டுப் பிள்ளை

ஆனந்த கெண்டிஷ் குமாரசாமி 1877 ஆகஸ்ட் 22-ல் கொழும்பில் பிறந்தார். பெயரின் நடுவில் இருக்கும் 'கெண்டிஷ்', அம்மா எலிசபெத் பீபியின் ஊரான இங்கிலாந்தின் கெண்ட் பகுதியைக் குறிப்பது.

அப்பா சர் முத்துக் குமாரசாமி சட்டசபை உறுப்பினர், லண்டனில் வழக்கறிஞர் தகுதி பெற்றவர். அரிச்சந்திரன் நாடகத்தைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். சைவக் குடும்பத்தில் பிறந்தவர் பாலி மொழியின் பௌத்த நூல்களையும் மொழிபெயர்த்தார். அடுத்த வீட்டுப் பண்பாட்டை மதித்துப் படிப்பது அந்தக் குடும்பத்தில் முன்பே இருந்த பழக்கம்.

ஆனால் மகனுக்கு இரண்டு வயதுகூட ஆகாத நிலையில், 1879-ல் அப்பா காலமானார். பையன் அம்மாவோடு இங்கிலாந்தில் வளர்ந்து, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் 1900-ல் பட்டம் பெற்றார்.

வேலை கனிமம், கவனம் கைவினை

1903-ல் இலங்கையின் கனிம ஆய்வுத் துறை இயக்குநர் ஆனார். வயது 26-தான். 'தோரியனைட்' என்ற புதிய கனிமம் அவருடைய கண்டுபிடிப்பு. அந்தப் பாதையிலேயே போயிருந்தால் விஞ்ஞானியாகவே பெயர் வாங்கியிருப்பார்.

கனிமம் தேடிப் போன மலைக் கிராமங்களில் அவர் கண்ணில் பட்டது வேறு. பொற்கொல்லர், தந்தச் சிற்பி, அரக்கு வேலை செய்பவர், பாய் நெய்பவர் என்று பல தலைமுறைத் தொழில் தெரிந்த குடும்பங்கள் இருந்தன. செய்வதற்கு வேலைதான் இல்லை.

காரணம் எளிது. கண்டி அரசில் கைவினைஞருக்கு நிலம் உண்டு, அதற்குப் பதிலாக அரண்மனைக்கும் கோயிலுக்கும் வேலை செய்ய வேண்டும். 1815-ல் கண்டி பிரிட்டிஷார் கைக்குப் போனது. பொன் வேலையைக் கேட்க அரசர் இல்லை. 1832-ல் அந்தப் பழைய சேவை முறையும் சட்டப்படி ஒழிந்தது. ஊழியக் கட்டாயம் போனது நல்லதுதான். ஆனால் கூடவே நுணுக்கமான வேலைக்கு இருந்த ஆதரவும் போச்சு. பிறகு ஆலைச் சரக்கு வந்து இறங்கியது.

நகை யாருடையது?

அந்தப் பட்டறைகள் ஒரே சமூகத்தின் கதையைச் சொல்லவில்லை. தென்னிந்தியாவிலிருந்து வெவ்வேறு காலங்களில் வந்து, கண்டியில் நிலம் பெற்று, சிங்களராகவே கலந்துபோன கைவினைக் குடும்பங்கள் உண்டு. 1739 முதல் கண்டி அரியணையில் இருந்தவர்களே மதுரையோடு உறவுகொண்ட நாயக்கர் வம்சத்தினர்.

தடயம் பேச்சிலும் இருக்கிறது. தமிழில் 'ஆசாரி' என்றால் சிங்களத்திலும் ஆசாரிதான். தோடு அங்கும் தோடு, பதக்கம் அங்கும் 'பதக்கம'. வெற்றிலை போடும் பழக்கம் இரு பக்கமும் உண்டு என்பதால் பாக்குவெட்டியும் சுண்ணாம்பு டப்பியும்கூட அழகான உலோக வேலைப்பாடாக மாறின. புத்தர் சிலைக்கு அளவு எடுக்கச் சிங்களக் கைவினைஞர் வைத்திருந்த நூல்களில் சமஸ்கிருத நூலும் இருந்தது.

குமாரசாமி இவற்றையெல்லாம் பட்டறையில் உட்கார்ந்து கேட்டுக் குறித்துக்கொண்டார். மனைவி எதெல் படங்கள் எடுத்தார், துணி வேலைகளை ஆராய்ந்தார். அவரே பின்னாளில் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கைத்தறிக் கலைஞர் ஆனார். கண்டியில் கற்றது இங்கிலாந்து நெசவுக்கும் போய்ச் சேர்ந்தது.

கையால் அச்சான புத்தகம்

1907-ல் தம்பதி இங்கிலாந்து திரும்பினர். பிராட் கேம்ப்டன் கிராமத்தில் அவர்கள் வசித்த பழைய சிற்றாலயக் கட்டடத்தைப் புதுப்பித்துத் தந்தவர் ஆஷ்பி. ஆலை உற்பத்திக்கு மாற்றாகக் கைவினைச் சங்கம் நடத்திய கட்டடக் கலைஞர், நகை வடிவமைப்பாளர். எதெலின் தம்பி ஃபிரெட் பார்ட்ரிஜும் அந்தச் சங்கத்தோடு வேலை செய்த நகைக் கலைஞரே.

வில்லியம் மாரிஸ் பயன்படுத்திய கை அச்சு இயந்திரம் அப்போது ஆஷ்பியிடம் இருந்தது. அதில்தான் கண்டிப் புத்தகம் அச்சானது. 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பர் வரை 15 மாத வேலை. மொத்தம் 425 பிரதிகள். கைத்தொழில் பற்றிய புத்தகம் கைத்தொழிலாகவே வந்தது.

சேகரிப்பு போன இடம்

அடுத்து அவர் பார்வை இந்தியா பக்கம் திரும்பியது. 1909-ல் 'இந்தியக் கைவினைஞர்' நூல் வந்தது. ராஜபுத்திர ஓவியங்களைத் தேடிச் சேகரித்தார். பனாரஸில் தேசிய அருங்காட்சியகம் அமைத்தால் அத்தனையையும் தருவதாகச் சொன்னார். அதற்குப் பணம் சேரவில்லை.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர மறுத்தவர், 1917-ல் அமெரிக்கா போனார். சேகரிப்பு பாஸ்டன் நுண்கலை மியூசியத்துக்குச் சென்றது. அவரே அங்கே இந்தியக் கலைப் பிரிவின் முதல் காப்பாளர். கடைசிவரை அங்கேதான் வேலை. இந்தியா விடுதலை அடைந்த சில வாரங்களில், 1947 செப்டம்பர் 9-ல் மாசசூசெட்ஸின் நீடம் நகரில் இறந்தார். வயது 70.

விமர்சனம் இல்லையா?

உண்டு. அரசர் காலக் கைவினை உலகத்தை அவர் ரொம்பவே அழகாகப் பார்த்தார். ஒரு தொழில் ஒரு சாதிக்கு என்று கட்டிப்போட்ட ஏற்பாட்டின் கொடுமை அவர் எழுத்தில் போதிய இடம் பெறவில்லை. விலகிப்போக விரும்பிய ஆசாரி மகனுக்கு அங்கே வழி ஏது என்ற கேள்விக்குச் சரியான பதில் இல்லை.

ஆனாலும் அவர் காட்டிய ஒரு விஷயம் அப்படியே நிற்கிறது. பழைய நகையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றிவிடலாம். அதைச் செய்யும் கை, கேட்டு வாங்க ஆள் இருந்தால்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். இலங்கையில் பின்னாளில் மொழியும் இனமும் பெரிய பிளவாகிப் போனது. அந்தத் தீவின் சிங்களக் கலைக்கு அடிப்படை நூலை எழுதிக் கொடுத்தது ஒரு தமிழரின் மகன் என்பது அதற்கு முந்தைய வரலாறு.