வேலையை மறுக்கும் உரிமை: அம்பேத்கர் போராடிய களம்

மும்பை பரேலின் தொழிலாளர் குடியிருப்பில், ஓர் ஒற்றை அறையில் பீமராவ் அம்பேத்கரின் மாணவப் பருவம் கழிந்தது. சுற்றிலும் பஞ்சாலைகள். அவற்றில் நெசவுப் பிரிவில் கூலி அதிகம். ஆனால் அங்கே தலித் தொழிலாளர்களுக்கு இடமில்லை. நூல் அறுந்தால் வாயால் ஈரப்படுத்தி இணைக்க வேண்டும். தலித்துகளின் எச்சில் பட்டால் தீட்டு என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறித்தனர். கூலி குறைந்த பிரிவுகளே அவர்களுக்கு எஞ்சின.

கிராமத்தில் இதற்கு நேர்மாறான கொடுமை. அங்கே மகர்கள் அரசு அலுவலர்களுக்கும் ஊருக்கும் இரவு பகல் பாராது ஏவல் செய்யப் பரம்பரையாகக் கட்டுண்டிருந்தனர். ஒருவரால் வர இயலாவிட்டால் அவர் குடும்பத்தில் வேறொருவர் போயாக வேண்டும். 1874ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறைக்கு அரசின் முத்திரையைத் தந்திருந்தது. அதைத் திருத்த அம்பேத்கர் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். நல்ல வேலைக்குள் நுழைய முடியாதவர்களால் கொடிய வேலையை விட்டு வெளியேறவும் முடியாது என்பதை அவர் தம் மக்களின் வாழ்விலிருந்து அறிந்திருந்தார்.

அதே ஆண்டு ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் நடந்தது. நெசவுப் பிரிவைத் தலித்துகளுக்குத் திறந்துவிடும் கோரிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். தலைவர்கள் தயக்கத்துடனேயே இணங்கினர். 1929இல் மீண்டும் வேலைநிறுத்தம் வந்தபோது அவர் அதை எதிர்த்தார். கடனில் மூழ்கிய தலித் குடும்பங்களால் இன்னொரு பட்டினியைத் தாங்க முடியாது என்பது அவர் கவலை.

ஆனால் மறுக்கும் உரிமையைப் பறிக்க அரசு முனைந்தபோது அவர் முன்னணியில் நின்றார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கியிருந்தார். 1938இல் பம்பாயின் காங்கிரஸ் அரசு, சில சூழல்களில் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கும் தொழில் தகராறு மசோதாவைக் கொண்டுவந்தது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்குவது அடிமைத்தனமே என்றும், வேலைநிறுத்த உரிமை சுதந்திரத்தின் மறுபெயரே என்றும் அம்பேத்கர் சட்டமன்றத்தில் வாதிட்டார். நவம்பர் 7 அன்று கம்யூனிஸ்டுகளோடு கைகோத்து ஒருநாள் வேலைநிறுத்தத்தை நடத்தினார்.

1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவரிடம் வந்தது. 1943 டிசம்பரில் நிலக்கரி வயல்களுக்குச் சென்று சுரங்கத்துள் இறங்கிப் பார்த்தார். 1944இல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நல நிதி உருவாயிற்று. 1946இன் திருத்தச் சட்டம் ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளில் வார வேலை நேரத்தை 54 மணியிலிருந்து 48 ஆகக் குறைத்தது.

இக்காலத்தில் ஒரு கறையும் உண்டு. நிலத்தடிச் சுரங்கங்களில் பெண்களை ஈடுபடுத்தத் தடை இருந்தது. போருக்கு நிலக்கரி வேண்டும் என்று அரசு 1943இல் அத்தடையை விலக்கியது. அது தற்காலிக ஏற்பாடு, பெண்களுக்குச் சம ஊதியம் உண்டு என்று அம்பேத்கர் அரசின் சார்பில் வாதாட நேர்ந்தது. 1946இல்தான் தடை மீண்டது. அவரைப் போற்றும் நாம் இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1947இல் அரசியல் நிர்ணய சபைக்காக அவர் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ இச்சிக்கலின் வேருக்குச் செல்கிறது. வேலையின்றிப் பசித்திருப்பவன் கிடைக்கும் வேலைக்காகத் தன் அடிப்படை உரிமைகளையே கைவிட நேரும். எனவே முக்கியத் தொழில்களும் நிலமும் அரசுடைமையாக வேண்டும் என்றார். அத்திட்டம் அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. கட்டாய உழைப்பைத் தடைசெய்யும் 23ஆம் பிரிவு இடம்பெற்றது. 1956 டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார்.

போபால் பேரழிவுக்குப் பின், 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. அபாயகரமான ஆலைகளில் உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதும் தொழிலாளி நிர்வாகத்தை எச்சரிக்கலாம் என்றது. வேலையை நிறுத்தி வெளியேறலாம் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆபத்தான முறையில் சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆட்களை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் நச்சுவாயுச் சாவுகள் ஓயவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். இறங்க மறுத்தால் அடுத்த நாள் அடுப்பெரியாது என்ற நிலையில் நிற்பவருக்குச் சட்டத்தின் தடை மட்டும் போதாது. மறுத்த பின்னும் ஊதியமும், மாற்று வேலையும், துணைநிற்கும் சங்கமும் வேண்டும். பசி மறுக்கும் உரிமையைப் பறிக்கும் என்று அம்பேத்கர் 1947இல் சுட்டியது இந்த நிலையைத்தான்.